பேனுக்கு ரத்தம் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம்: நாஜிக்களின் பிடியில் ஆயிரக்கணக்கானோரைக் காத்த ருடால்ஃப் வைகல் யார்?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். போலந்தின் லுவூஃப் நகரம் 1941 கோடையில் ஜெர்மானிய ராணுவத்தின் கைக்குப் போனது. பல்கலைக்கழகம் மூடப்பட்டது. பேராசிரியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தெருவில் நடந்து போகிறவரைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவது அன்றாடக் காட்சியாகிவிட்டது.

அந்த நகரத்தில் ஒரு வேலைக்கு மட்டும் பெரிய போட்டி இருந்தது. நூற்றுக்கணக்கான பேன்கள் அடைக்கப்பட்ட சின்னச் சின்னப் பெட்டிகளைக் காலில் கட்டிக்கொண்டு அரை மணி, முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். பேன்கள் வயிறு நிறைய ரத்தம் குடிக்கும். அதுதான் வேலை.

கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் கணித மேதைகளும் கவிஞர்களும் மாணவர்களும், நாஜிக்களை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கியவர்களும் இந்த வேலையைத் தேடி வந்தார்கள். காரணம், இந்த வேலையில் சேர்ந்தால் ஓர் அடையாள அட்டை கிடைக்கும். அந்த அட்டை இருந்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு.

அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் ருடால்ஃப் வைகல். டைஃபஸ் காய்ச்சலுக்குப் பெரிய அளவில் பயன்பட்ட முதல் தடுப்பூசியை உருவாக்கியவர். ஜெர்மன் ராணுவத்துக்குத் தடுப்பூசி தயாரித்துக் கொடுத்த அவரே, அதே ராணுவத்தின் பிடியிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது எப்படி?

டைஃபாய்டு வேறு, டைஃபஸ் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிந்தது டைஃபாய்டு. அது அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வருவது. அதை உண்டாக்குவது சால்மொனெல்லா வகை பாக்டீரியா.

வைகல் ஆராய்ந்த டைஃபஸ் முற்றிலும் வேறு நோய். இதை உண்டாக்கும் கிருமியின் பெயர் ரிக்கெட்சியா புரோவசெக்கி. இதை மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொண்டு போவது சீலைப்பேன், அதாவது தலையில் இல்லாமல் துணியின் மடிப்புகளிலும் தையல்களிலும் வாழும் பேன்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, பேன் கடிப்பதால் மட்டும் நோய் வருவதில்லை. பேனின் எச்சத்தில்தான் கிருமி இருக்கிறது. அரிப்பு தாங்காமல் சொறியும்போது தோலில் ஏற்படும் கீறல் வழியாக அந்த எச்சம் உடலுக்குள் போய்விடுகிறது.

அடுத்த ஓரிரு வாரங்களில் கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. சில நாட்களில் உடம்பெங்கும் சிவப்புப் புள்ளிகள். பிறகு நினைவு தடுமாறிப் பிதற்றல். மருந்து இல்லாத அந்தக் காலத்தில், நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இறந்தார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது அடிக்கடி செய்தியில் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் இதற்குத் தூரத்துச் சொந்தம் மட்டுமே. அதன் கிருமியும் வேறு, புதர்களில் இருக்கும் உண்ணி போன்ற சிறு பூச்சிகளால் பரவுகிற விதமும் வேறு.

போர் வந்தால் டைஃபஸும் வருவது ஏன்?

சீலைப்பேன் வாழ்வதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: நெருக்கமான கூட்டம், மாற்றாத துணி, குளிர். பதுங்குகுழியிலும் அகதிகள் முகாமிலும் சிறைகளிலும் இந்த மூன்றும் தாராளமாகக் கிடைக்கும். அதனால்தான் டைஃபஸ் போரின் நிழல் மாதிரியே கூட வந்தது.

1812இல் ரஷ்யா மீது படையெடுத்த நெப்போலியனின் படையைச் சிதைத்ததில் டைஃபஸுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் செர்பியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அது பலி வாங்கியது. ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அங்கே இறந்தவர்கள் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஆராய்ச்சியாளர்களையும் அது விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910இல் மெக்சிகோவில் டைஃபஸை ஆராயும்போது அதே நோயால் இறந்தார். ஸ்டானிஸ்லாஸ் ஃபான் புரோவசெக் 1915இல் ஜெர்மனியில் போர்க்கைதிகள் முகாமில் நோயை ஆராயப் போய் உயிரிழந்தார். கிருமியின் பெயரில் இருப்பது இந்த இருவரின் பெயர்கள்தான்.

நோயைப் பரப்புவது பேன் என்பதை 1909இல் துனிசியாவில் கண்டறிந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல் நிகோல். அதற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் எதிரி யார் என்று தெரிந்தும், அதைத் தடுக்க ஊசி எதுவும் அப்போது இல்லை.

யார் இந்த வைகல்?

ருடால்ஃப் வைகல் 1883 செப்டம்பர் 2ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் மொராவியா பகுதியில் உள்ள ப்ரெரோவ் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. அவருடைய குடும்பம் ஜெர்மன் மொழி பேசும் குடும்பம்.

சின்ன வயதிலேயே தந்தையை விபத்தில் பறிகொடுத்தார். தாய் மறுமணம் செய்துகொண்டவர் ஒரு போலந்து ஆசிரியர். குடும்பம் போலந்து மக்கள் வாழும் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பிறப்பால் ஜெர்மானியரான சிறுவன், வளர்ப்பால் போலந்துக்காரராகவே ஆகிப்போனார். பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கையின் பெரிய சோதனைக்கு வித்திட்டது இந்த விஷயம்தான்.

லுவூஃப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து 1907இல் பட்டம் பெற்றார். அவர் மருத்துவர் இல்லை, விலங்கியல் ஆய்வாளர். நுண்ணோக்கியின் கீழ் சின்ன உயிர்களின் உடலமைப்பைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

லுவூஃப் என்ற இந்த ஊர் எந்த நாட்டில் இருந்தது என்று கேட்டால் பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆஸ்திரியர் காலத்தில் லெம்பெர்க், போலந்தில் லுவூஃப், சோவியத்தில் லிவோவ், இன்று யுக்ரேனில் லிவிவ். ஒரே மனிதரின் வாழ்நாளில் இத்தனை கொடிகள் அந்த ஊரில் ஏறி இறங்கின.

முதல் உலகப் போர் வெடித்ததும் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் ஒட்டுண்ணி ஆய்வாளராகச் சேர்க்கப்பட்டார். அங்கேதான் டைஃபஸை நேருக்கு நேர் பார்த்தார். ஒரு கட்டத்தில் அவருக்கே அந்த நோய் தொற்றி, பிழைத்து எழுந்தார்.

பேனே சோதனைக் குழாய்

தடுப்பூசி செய்ய வேண்டுமென்றால் முதலில் கிருமியை நிறைய வளர்க்க வேண்டும். மற்ற பல பாக்டீரியாக்களைக் கண்ணாடித் தட்டில் ஊட்டச்சத்துக் கூழ் வைத்து வளர்த்துவிடலாம். ரிக்கெட்சியா அப்படி வளராது. உயிருள்ள செல்லுக்குள்தான் அது பெருகும். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் முட்டி நின்ற இடம் இதுதான்.

வைகலுக்கு வந்த யோசனை எளிமையானது. கிருமி பேனின் குடலில்தானே அமோகமாகப் பெருகுகிறது? அப்படீன்னா பேனையே சோதனைக் குழாயாகப் பயன்படுத்தினால் என்ன?

சொல்வது சுலபம். பேனுக்குள் கிருமியை எப்படிச் செலுத்துவது? பேன் ரத்தத்தைத் தவிர வேறு எதையும் உறிஞ்சாது. நோயாளியின் உடலில் விட்டுக் கடிக்க வைத்தால் எதுவும் கட்டுப்பாட்டில் இருக்காது.

வைகல் கண்டுபிடித்த வழி, பேனின் ஆசனவாய் வழியாக ஊசி போடுவது. பேனை ஒரு சின்னப் பிடிப்பானில் அசையாமல் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தபடி, முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகி, கிருமி கலந்த திரவத்தை ஒரு துளியிலும் துளியாகச் செலுத்த வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் பேன் செத்துவிடும். நோயுற்ற பேன் உடைந்தால் ஊசி போடுபவருக்கே ஆபத்து.

பிறகு அந்தப் பேனுக்கு சுமார் ஐந்து நாட்கள் ரத்தம் கொடுப்பார்கள். கிருமி பெருகியதும் பேனைப் பிளந்து குடலை மட்டும் எடுத்து, பீனால் கலந்து அரைப்பார்கள். பீனால் கிருமியைக் கொன்றுவிடும். செத்த கிருமியைக் கொண்ட அந்தக் கரைசல்தான் தடுப்பூசி. ஒருவருக்குத் தேவையான மருந்துக்குப் பல டஜன் பேன்களின் குடல் வேண்டும்.

பேனுக்கு யார் ரத்தம் கொடுப்பது?

இங்கேதான் அடுத்த சிக்கல். சீலைப்பேன் மனித ரத்தத்துக்குப் பழகிய உயிர். கோழியோ முயலோ வைத்துச் சமாளிக்க முடியாது. ஊசி போடும் பருவம் வருவதற்கே, முட்டையிலிருந்து வெளிவந்த பேனைப் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் மனித ரத்தம் கொடுத்து வளர்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் வைகலே தன் காலைக் கொடுத்தார். அவருடைய மனைவி சோஃபியா உயிரியல் ஆய்வாளர். அவரும் ரத்தம் கொடுத்தார். பிறகு உதவியாளர்கள், அதன்பின் கூலிக்கு வந்தவர்கள் என்று அந்தக் கூட்டம் வளர்ந்தது.

இதற்காகத் தீப்பெட்டி அளவிலான மரக்கூடுகள் செய்யப்பட்டன. ஒரு பக்கம் மெல்லிய வலை. பேன் அதன் வழியாக வாயை நீட்டிக் கடிக்கலாம், வெளியே வர முடியாது. ஒரு கூட்டில் 400 முதல் 800 பேன்கள். ஒரே நேரத்தில் ஒருவர் பத்து கூடுகள் வரை காலில் கட்டிக்கொள்வார். ஆண்கள் கெண்டைக்காலிலும், பெண்கள் பாவாடை மறைக்கும்படி தொடையிலும் கட்டிக்கொள்வது வழக்கம்.

கிருமி ஏற்றப்பட்ட பேனுக்கு ரத்தம் கொடுப்பது இன்னும் ஆபத்தான வேலை. தடுப்பூசி போட்டவர்கள் அல்லது ஏற்கெனவே டைஃபஸ் வந்து பிழைத்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். கடித்த இடத்தைச் சொறியவே கூடாது.

சீனா முதல் எத்தியோப்பியா வரை

1920இல் வைகல் லுவூஃப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1930களில் அவருடைய தடுப்பூசி உலகத்தின் பார்வைக்கு வந்தது. சீனாவில் பணியாற்றிய பெல்ஜியம் நாட்டுக் கிறிஸ்தவப் பாதிரியார்கள் ஆண்டுதோறும் டைஃபஸுக்குப் பலியாகிக்கொண்டிருந்தார்கள். வைகலின் ஊசியைப் போட்ட பிறகு அந்த மரணங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. 1939இல் அவர் எத்தியோப்பியாவுக்கும் சென்று வந்தார்.

அந்த ஊசி போட்டவர்களுக்கு நோய் வரவே வராது என்றில்லை. வந்தாலும் லேசாக வந்து போய்விடும், உயிரை எடுக்காது. அதுவே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். நோபல் பரிசுக்கு அவர் பெயர் 1930களில் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் அவர் கட்டுரை எழுதுவதில் ஆர்வம் இல்லாதவர். ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வந்தால் வில்வித்தை, தூண்டில் மீன்பிடிப்பு. புகழைத் தேடிப் போகாத மனிதர் என்பதே அவருடன் பழகியவர்களின் நினைவு.

இரண்டு படையெடுப்புகள்

1939 செப்டம்பரில் ஜெர்மனி மேற்கிலிருந்தும் சோவியத் ஒன்றியம் கிழக்கிலிருந்தும் போலந்தைப் பிய்த்துக்கொண்டன. லுவூஃப் சோவியத்தின் பங்குக்குப் போனது. ஆய்வுக்கூடம் தொடர்ந்து இயங்கியது. தடுப்பூசி செம்படைக்குப் போனது.

1941 ஜூன் இறுதியில் ஜெர்மன் படைகள் நகருக்குள் நுழைந்தன. சில நாட்களிலேயே, ஜூலை 4ஆம் தேதி விடியும் முன், நகரின் முன்னணிப் பேராசிரியர்கள் 20 பேருக்கும் மேல், குடும்பத்தினர் சிலரோடு, ஒரு குன்றின் அடிவாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலந்தில் படித்தவர்கள் என்ற வர்க்கமே இருக்கக் கூடாது என்பது நாஜிக்களின் திட்டம்.

வைகல் மட்டும் ஏன் தப்பினார்? ஜெர்மனி அப்போதுதான் சோவியத் மீது படையெடுத்திருந்தது. லட்சக்கணக்கான வீரர்கள் ரஷ்யக் குளிரை நோக்கிப் போகிறார்கள், அங்கே டைஃபஸ் காத்திருக்கிறது. தடுப்பூசி தெரிந்த மனிதரைக் கொல்ல அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஆய்வுக்கூடம் ஜெர்மன் ராணுவத் தலைமையகத்தின் கீழ் வந்தது. கிராகோவ் நகரில் இருந்த ஹெர்மன் அயர் என்ற ராணுவ மருத்துவர் மேற்பார்வையாளர் ஆனார். வைகல் தன்னை ஜெர்மானியர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. பெயர் ஜெர்மன் பெயர், பிறப்பும் ஜெர்மன் குடும்பத்தில். கையெழுத்துப் போட்டிருந்தால் பதவியும் வசதியும் தானாக வந்திருக்கும்.

அவர் போடவில்லை. தான் போலந்துக்காரர் என்பதிலேயே உறுதியாக நின்றார். ஆனால் ஆய்வுக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தச் சம்மதித்தார். அதற்கு அவர் கேட்டுப் பெற்றது ஒன்றுதான்: யாரை வேலைக்கு எடுப்பது என்பதைத் தானே முடிவு செய்யும் சுதந்திரம்.

ஓர் அடையாள அட்டையின் மதிப்பு

ஆய்வுக்கூட ஊழியர்களுக்கு ஜெர்மன் ராணுவத் தலைமையகத்தின் முத்திரை குத்திய அட்டை கொடுக்கப்பட்டது. தெருவில் மடக்கும் போலீஸ்காரர், இந்த அட்டையைப் பார்த்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார். ஒன்று, ராணுவ முத்திரை. இன்னொன்று, டைஃபஸ் பேனோடு பழகுகிற ஆளைத் தொடவே பயம். கூடுதலாக ரேஷன் உணவும் கிடைத்தது.

ராணுவத்துக்கு மேலும் மேலும் தடுப்பூசி தேவைப்பட்டது. தடுப்பூசி கூட வேண்டுமென்றால் பேன் கூட வேண்டும், பேன் கூட வேண்டுமென்றால் கால் கூட வேண்டும். இந்தக் கணக்கை வைத்தே வைகல் தன் கதவைத் திறந்துவிட்டார். வேலை இழந்த பேராசிரியர்கள், மாணவர்கள், எழுத்தாளர்கள், போலந்தின் தலைமறைவுப் படையினர் எல்லாரும் உள்ளே வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்டெஃபான் பனாக். எம்.எஸ்சி. கணிதம் படித்த நம்மூர் மாணவர்கள் பனாக் ஸ்பேஸ் என்ற பாடத்தைத் தாண்டி வந்திருப்பார்கள். அந்த பனாக்தான் இவர். 20ஆம் நூற்றாண்டின் முக்கியமான கணித அறிஞர்களில் ஒருவர், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம் முழுக்கப் பேனுக்கு ரத்தம் கொடுத்துப் பிழைத்தார்.

போருக்கு முன் லுவூஃபின் ஸ்காட்டிஷ் கஃபே என்ற காபிக் கடையில் கணித அறிஞர்கள் கூடி உட்கார்ந்து புதிர்களை விடுவிப்பது வழக்கம். இப்போது அவர்களில் சிலர் காலில் பேன் கூட்டைக் கட்டிக்கொண்டு அதே விவாதத்தைத் தொடர்ந்தார்கள். பல்கலைக்கழகம் மூடப்பட்ட நகரத்தில், பேன் அறையே வகுப்பறை ஆனது.

கவிஞர் ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட் அப்போது இளைஞர். அவரும் இங்கே ரத்தம் கொடுத்தவர். பேன் கூடுகளைக் கண்காணித்த மாணவர்களில் ஒருவரான வாட்ஸ்வாஃப் ஷிபால்ஸ்கி, பின்னாளில் அமெரிக்காவில் புகழ்பெற்ற மரபணு ஆய்வாளர் ஆனார். பனாக் இருந்த குழுவைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். இந்த அறையின் கதை இன்று நமக்குக் கிடைப்பதில் அவருடைய பதிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கெட்டோவுக்குள் போன ஊசி

நாஜிக்கள் டைஃபஸை ஒரு நோயாக மட்டும் பார்க்கவில்லை, பிரசார ஆயுதமாகவும் பயன்படுத்தினார்கள். யூதர்களும் பேனும் டைஃபஸும் ஒன்றே என்கிற மாதிரி சுவரொட்டிகள் போலந்து நகரங்களில் ஒட்டப்பட்டன. நோயைத் தடுக்கிறோம் என்ற பெயரில் யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். அந்த அடைப்புகளுக்குப் பெயர் கெட்டோ.

வார்சா நகர கெட்டோவில் சில சதுர கிலோமீட்டருக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திணிக்கப்பட்டார்கள். போதிய சோப்பு இல்லை, உணவு இல்லை. டைஃபஸ் பரவுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இல்லாத நோயைக் காரணம் காட்டி அடைத்தார்கள், அடைத்ததால் நோய் உண்மையாகவே வந்தது.

வைகலின் ஆய்வுக்கூடத்திலிருந்து தடுப்பூசி ரகசியமாக வெளியே போனது. லுவூஃப், வார்சா கெட்டோக்களுக்கும், வேறு சில சிறைகளுக்கும் முகாம்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ராணுவத்துக்குக் கணக்குக் காட்டிய உற்பத்தியிலிருந்து எடுத்து அனுப்புவது, பிடிபட்டால் மரண தண்டனைக்குரிய குற்றம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த ஊசி லட்சங்களைக் காப்பாற்றவில்லை, காப்பாற்றும் அளவுக்கு அது இருக்கவும் இல்லை. வார்சா கெட்டோவில் நோயைக் குறைத்ததில் அங்கிருந்த யூத மருத்துவர்களின் சுகாதார வகுப்புகளுக்கும், துப்புரவுப் பணிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. டைஃபஸிலிருந்து பிழைத்தவர்களில் பெரும்பாலானோரும் பிறகு கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். லுவூஃபில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் உயிர் தப்பியவர்கள் மிகச் சிலரே.

எதிரிக்கு உதவினாரா?

வைகலின் வாழ்க்கையில் தப்பிக்க முடியாத கேள்வி இது. அவர் தயாரித்த ஊசி ஜெர்மன் வீரர்களுக்குப் போனது. அந்த வீரர்கள் போலந்து மக்களையும் யூதர்களையும் கொன்றார்கள். அப்படியானால் அவர் நாஜிக்களுக்கு உதவியவர்தானே?

இதே கேள்வியை இன்னொருவர் வேறு விதமாகச் சந்தித்தார். லுட்விக் ஃப்ளெக், 1920களின் தொடக்கத்தில் வைகலிடம் உதவியாளராக இருந்த யூத விஞ்ஞானி. அவரைக் கைது செய்து முதலில் ஆஷ்விட்ஸுக்கும் பிறகு புகன்வால்ட் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே தடுப்பூசி தயாரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டபோது, ஃப்ளெக்கும் சக கைதிகளும் வேலை செய்யாத ஊசியை நாஜிக்களின் எஸ்.எஸ். படைக்கு அனுப்பிவிட்டு, வேலை செய்கிற ஊசியைச் சக கைதிகளுக்குப் போட்டார்கள்.

வைகலின் நிலைமை வேறு. அவருடைய ஆய்வுக்கூடத்தின் தரம் கண்காணிப்பில் இருந்தது. ஊசி வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அவர் மட்டுமல்ல, அந்த அட்டையை நம்பி இருந்த எல்லாரும் செத்திருப்பார்கள். தடுப்பூசிக்கு மதிப்பு இருக்கும்வரைதான் அந்த அட்டைக்கு மதிப்பு. எதிரிக்குத் தேவையான ஒன்றைக் கையில் வைத்திருந்ததால்தான், எதிரிக்குத் தேவையில்லாத மனிதர்களை அவரால் காப்பாற்ற முடிந்தது.

அவர் ஊசி தயாரிக்க மறுத்திருந்தால் ஜெர்மன் ராணுவம் நின்றிருக்காது. ஆனால் அந்த அட்டைகள் இருந்திருக்காது. அவரிடம் வேலை பார்த்துத் தப்பியவர்களில் பலர் பிற்காலத்தில் அவருக்காகச் சாட்சி சொன்னதும் இதைத்தான்.

நோபல் கிடைக்காத கதை

1944இல் செம்படை மீண்டும் லுவூஃபை நெருங்கியது. வைகல் நகரைவிட்டு வெளியேறினார். போர் முடிந்ததும் லுவூஃப் சோவியத்தோடு சேர்க்கப்பட்டது. அங்கிருந்த போலந்து மக்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனார்கள். வைகல் தன் ஊருக்குத் திரும்பவே இல்லை.

கிராகோவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். பிறகு போஸ்னன் நகரில் பணியாற்றி 1951இல் ஓய்வு பெற்றார். ஆனால் ஜெர்மானியருக்கு ஒத்துழைத்தவர் என்ற பழி அவரை விடவில்லை. சக விஞ்ஞானிகள் சிலரே அதைக் கிளப்பினார்கள். புதிய கம்யூனிஸ்ட் அரசும் அவரைக் கொண்டாட விரும்பவில்லை. நோபல் பரிசு கிடைக்காமல் போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இதற்கிடையில் அறிவியலும் அவரைத் தாண்டிப் போய்விட்டது. 1938இல் அமெரிக்காவின் ஹெரால்டு காக்ஸ் கோழி முட்டையின் கருவில் இந்தக் கிருமியை வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். பேனும் வேண்டாம், காலும் வேண்டாம். 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டி.டி.டி. பொடி தூவியே டைஃபஸைக் கட்டுப்படுத்தினார்கள். 1940களின் இறுதியில் ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் வந்துவிட்டன.

1957 ஆகஸ்ட் 11ஆம் தேதி போலந்தின் மலை நகரமான ஸகோபானேயில் வைகல் காலமானார். பெரிய இரங்கல் ஆரவாரம் எதுவும் இல்லை.

இன்று ஏன் இவரைப் பேச வேண்டும்?

2003இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம், யூதர்களைக் காக்கத் தங்கள் உயிரைப் பணயம் வைத்த பிற இனத்தவருக்கு வழங்கும் கௌரவத்தை வைகலுக்கு அளித்தது. இறந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒத்துழைத்தவர் என்ற பழிக்கு அது ஒரு பதில். 2021இல் அவருடைய பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. பலர் அன்றுதான் முதன்முதலில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தார்கள்.

டைஃபஸ் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. 1990களில் உள்நாட்டுப் போரில் சிக்கிய ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டில், இடம்பெயர்ந்தோர் முகாம்களில் அது பல்லாயிரம் பேரைத் தாக்கியது. இன்று டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையே இதற்குப் போதும். ஆனால் போர் நடக்கிற இடத்தில் அந்த மாத்திரை போய்ச் சேர வேண்டும், மாற்றுத் துணியும் சோப்பும் தண்ணீரும் கிடைக்க வேண்டும்.

வைகலின் ஆய்வுக்கூடம் இருந்த லிவிவ் நகரத்தின் மீது 2022 முதல் மீண்டும் ஏவுகணைகள் விழுகின்றன. அங்கே இப்போது பேன் கூடுகள் இல்லை. ஆனால் குண்டு விழுகிற நாட்டில் ஆய்வுக்கூடத்தை மூடாமல் வைத்திருப்பது எப்படி, அதை யாருக்காகத் திறந்து வைப்பது என்ற கேள்விகள் இன்னும் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.